ஆர்க் ஏன் இழுக்கிறது? அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

வன்னியில் ஆர்க் என்ற டைனோசர் கேம் விளையாடும் பிசிக்களில் பாதிக்கு மேல் கொழும்பில் ஏதோ ஒரு அலுவலகத்தில் வருடக்கணக்காக உழைத்துவிட்டு ஏ9 வழியாக வந்தவைதான். நாலாம் அல்லது ஆறாம் தலைமுறை ஐ5, ஒற்றை 8 ஜிபி ராம், ஒரு ஹார்ட் டிஸ்க். பிறகு காசு சேர்த்து வாங்கிப் போட்ட ஜிடிஎக்ஸ் 1050 டிஐ அல்லது 1650. இதில் ஆர்க் ஓடுமா என்று கேட்டால், ஓடும். ஆர்க்: சர்வைவல் எவால்வ்ட் குறைந்தபட்சமாகக் கேட்பது ஐ5 2400, 8 ஜிபி ராம், 2 ஜிபி மெமரியுள்ள ஜிடிஎக்ஸ் 670, 60 ஜிபி இடம். மேலே சொன்ன பிசி இந்த வரம்பைத் தாண்டிவிட்டது. ஆனாலும் "எஃப்பிஎஸ் 18க்கு மேலே வருதில்லை அண்ணை" என்றுதான் பெடியள் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். எஃப்பிஎஸ் என்பது திரையில் விநாடிக்கு எத்தனை படம் வருகிறது என்ற எண்.

வருமுன் எல்லாரும் ஒரே வேலையைச் செய்திருப்பார்கள். ஒரு காணொளியைப் பார்த்து, எல்லாத் தெரிவையும் லோவில் வைத்து, புல், நிழல், வானம் எல்லாவற்றையும் கொன்றிருப்பார்கள். படம் மங்கிப்போயிருக்கும். எஃப்பிஎஸ் அதே 18. ஏனென்றால் அந்தத் தெரிவுகளில் பெரும்பாலானவை கிராபிக்ஸ் கார்ட்டின் சுமையைக் குறைப்பவை. கார்ட் ஏற்கெனவே சும்மா இருக்கிறது என்றால் அதன் சுமையைக் குறைத்து என்ன பயன்? சிபியூவோ ராமோ டிஸ்க்கோ வெப்பமோ மறிக்கும் இடத்தில் நிழலைக் குறைப்பது தலையிடிக்குக் காலில் எண்ணெய் பூசுகிற வேலை. ஆகவே செற்றிங்ஸில் கை வைக்குமுன் எது மறிக்கிறது என்று பாருங்கள்.

முதலில் அளப்பது

கேமை வாங்கி ஓட்டும் ஸ்டீமின் செற்றிங்ஸில் இன் கேம் பகுதியில் எஃப்பிஎஸ் காட்டும் தெரிவு இருக்கிறது. அது போதாது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போட்டுக்கொள்ளுங்கள். பெயரில்தான் எம்எஸ்ஐ, வேறு கம்பனிக் கார்ட்டுக்கும் வேலை செய்யும், இலவசம். கார்ட்டின் பயன்பாடு, அதன் வெப்பநிலை, அதன் மெமரி, சிபியூவின் வெப்பநிலை, சிபியூவின் மெகாஹெர்ட்ஸ், ராம் ஆகியவற்றைத் திரையின் மூலையில் காட்டும்படி வையுங்கள். சிபியூவின் ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். இது முக்கியம். 4 கோர் உள்ள சிபியூவில் ஒரு கோர் மூச்சு முட்ட ஓடி மற்ற மூன்றும் தூங்கினாலும் மொத்தப் பயன்பாடு 25 சதவீதம் என்றுதான் வரும். அதைப் பார்த்துவிட்டு "சிபியூ சும்மாதான் இருக்கு" என்பார்கள். ஆர்க் ஒரு கோரின் தலையில் நிறைய வேலையை ஏற்றும் கேம். அந்த ஒரு கோர்தான் கணக்கு.

பிறகு, அளக்கும் இடம் ஒன்றாக இருக்க வேண்டும். கடற்கரையில் ஒருமுறை, காட்டுக்குள் ஒருமுறை அளந்து ஒப்பிட்டால் ஒன்றும் விளங்காது. கேமுக்குள் நீங்கள் கட்டிய பேஸின் வாசலில் நின்று ஒரே திசையைப் பார்த்தபடி, கேமுக்குள்ளும் பகல் நேரமாக இருக்கும்போது எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி ஒரு சோதனை. ரெசலூஷனை 1280க்கு 720 ஆக்குங்கள். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் மறிப்பது கார்ட். அசையாமல் அப்படியே நின்றால் மறிப்பது வேறு. கீழே வரும் அறிகுறிகளில் உங்களுடையது எது என்பதை இந்த ஒரு சோதனையே பாதி சொல்லிவிடும்.

"முதல் கால் மணித்தியாலம் வடிவாக ஓடுது, பிறகு இழுக்குது"

இங்கே அதிகம் கேட்கும் முறைப்பாடு இதுதான். காரணம் ஏறக்குறைய எப்போதும் வெப்பம்.

வெளிநாட்டுக் காணொளியில் அதே கார்ட் 68 பாகையில் ஓடுவதைக் காட்டுவார்கள். அவர்களின் அறை 22 பாகை. கார்ட் அறையைவிட 46 பாகை மேலே நிற்கிறது என்பதுதான் அந்த எண்ணின் அர்த்தம். சித்திரை, வைகாசியில் மத்தியான நேரம் சீற் கூரை போட்ட அறைக்குள் 35 பாகை என்று வையுங்கள். அதே கார்ட் அதே வேலைக்கு 81க்குப் போகும். ஜிடிஎக்ஸ் 10 வரிசைக் கார்ட்கள் 83, 84 பாகையை நெருங்கினால் தங்கள் வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளும். இன்டெல் சிபியூக்கள் 100 பாகையை ஒட்டி அதையே செய்யும். பழுது இல்லை, தற்காப்பு. ஆனால் உங்களுக்குத் தெரிவது எஃப்பிஎஸ் இறங்குவது மட்டும்தான்.

உறுதிசெய்ய மெகாஹெர்ட்ஸைப் பாருங்கள். உதாரணத்துக்கு ஐ5 6500இன் அடிப்படை வேகம் 3200 மெகாஹெர்ட்ஸ். கேம் நடுவில் அது 3200க்கும் கீழே இறங்கி 2500, 2000 என்று ஆடுகிறதென்றால் வெப்பநிலை எண்ணைப் பார்க்காமலே சொல்லலாம். காலை 6 மணிக்கு நன்றாக ஓடி மத்தியானம் 2 மணிக்கு இழுத்தாலும் அதே முடிவுதான்.

திருத்துவதற்கு முதலில் தூசு. சோளகம் தொடங்கினால் வன்னிச் செம்மண் எங்கேதான் போகாது? ஒரு சோளகம் கழிந்த பிசியைத் திறந்தால் சிபியூ விசிறிக்கும் அலுமினிய மடல்களுக்கும் இடையே துணி விரித்ததுபோல் ஒரு படை இருக்கும். விசிறி சுற்றும், காற்று போகாது. பிளக்கைக் கழற்றிவிட்டு, விசிறியை நான்கு திருகாணி கழற்றி எடுத்து, மெல்லிய பெயிண்ட் தூரிகையால் தட்டி எடுங்கள். காற்று அடிப்பதென்றால் விசிறியின் இதழை விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள். காற்றுக்குச் சுற்றவிட்டால் விசிறியின் பெயரிங் கெடும். டயர் ஒட்டும் கடைக் கொம்பிரசரில் பிசியை நீட்டுகிற பழக்கம் இங்கே இருக்கிறது. கொம்பிரசர்த் தாங்கியின் அடியில் தண்ணீர் நிற்கும், அது காற்றோடு சேர்ந்து மதர்போர்ட்டில் விசிறும். கட்டாயம் அதுதான் வழியென்றால் முதலில் சற்று நேரம் வெளியே அடித்துத் தண்ணீர் போனபின், தூரத்தில் பிடித்து அடியுங்கள்.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. இன்டெல்லோடு வரும் சாதாரணக் கூலரை மதர்போர்ட்டில் பிடித்து வைத்திருப்பது நான்கு பிளாஸ்டிக் முளைகள். பஸ்ஸின் அடியில் பொதியாக வந்த பிசியில் அந்த நான்கில் ஒன்று வெளியே நழுவியிருக்கும். கூலர் சற்றுச் சரிந்து நிற்கும், ஒரு மூலையில் சிபியூவைத் தொடாது. பிசி சாதாரண வேலைக்கு ஒன்றும் காட்டாது. ஆர்க் போட்டதும் ஒரு நிமிடத்தில் 100 பாகை. கால் மணித்தியாலம்கூடத் தாங்காமல் உடனே வெப்பம் ஏறினால் தூசை விட்டுவிட்டு முதலில் இந்த முளைகளைத் தொட்டுப் பாருங்கள். கூலரைக் கழற்றினால், அதற்கும் சிபியூவுக்கும் இடையே பூசியிருக்கும் பழைய தேர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிது போடத்தான் வேண்டும். காய்ந்த பேஸ்ட்டின் மேலே திரும்ப வைத்தால் முன்பைவிட மோசம். ஒரு பயறளவு போதும்.

பிசி வைத்திருக்கும் இடத்தையும் பாருங்கள். கதவுள்ள மேசைத் தட்டுக்குள் வைத்து, தூசு படும் என்று மேலே துணியும் போட்டு, பின்பக்கம் சுவரோடு ஒட்டி வைத்தால் அது விட்ட சூட்டையே திரும்ப இழுக்கும். பின்னால் ஒரு சாண் இடம் விடுங்கள். பக்கத் தகட்டைக் கழற்றி வைத்து விளையாடினால் சில பாகை குறையும்தான். ஆனால் பல்லி உள்ளே போகும். இரவில் வெளிச்சத்துக்கு வரும் பூச்சியைத் தேடி வந்து மதர்போர்ட்டில் நிற்கும் பல்லி, கேமை அல்ல, பிசியையே முடித்துவிடும். பவர் சப்ளைக்குள் பல்லியோ எறும்புக் கூடோ இருந்தால் நீங்களாகத் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் கபாசிற்றரில் மின் நிற்கும்.

இவ்வளவும் செய்தும் மத்தியானத்தில் தாங்கவில்லையென்றால் எஃப்பிஎஸ்ஸுக்கு ஒரு கூரை போடுங்கள். ஆஃப்டர்பர்னரோடு சேர்ந்து வரும் ரிவாட்யூனரில் 40 அல்லது 45 என்று கொடுத்தால் கார்ட் அதற்கு மேலே உழைக்காது, சூடும் இறங்கும். 60க்கும் 25க்கும் இடையே ஆடும் கேமைவிட அசையாமல் 40இல் நிற்கும் கேம் கண்ணுக்கு எவ்வளவோ மேல். என்னைக் கேட்டால், இந்த வெயிலில் 60ஐத் துரத்துவதே வீண் சண்டை.

"எப்பவும் குறைவு, கார்ட் 98, 99 சதவீதத்தில் நிற்குது, சூடும் இல்லை"

இது நல்ல வருத்தம். கார்ட் முழுதாக உழைக்கிறது, செற்றிங்ஸ் குறைத்தால் பலன் வரும். ஆனால் எல்லாவற்றையும் லோவில் தள்ள வேண்டாம். பலன் பெரிதாக உள்ள சிலதை மட்டும் இந்த ஒழுங்கில் குறையுங்கள்.

ஜெனரல் ஷடோஸ், டெரெய்ன் ஷடோஸ் இரண்டும் முதலில். நிழல் கார்ட்டையும் தின்னும், சிபியூவையும் தின்னும். ஹையிலிருந்து மீடியத்துக்கு இறக்கினாலே தெரியும். லோவுக்குப் போனால் இன்னும் ஏறும், ஆனால் இடங்கள் தட்டையாகத் தெரியும். அடுத்தது ஸ்கை குவாலிட்டி. வானத்தைப் பார்த்து யாரும் ரெக்ஸ் பிடிப்பதில்லை, அதைக் கால் பங்குக்கு இறக்குங்கள். கிரவுண்ட் கிளட்டர் என்பது புல்லும் செடியும். அடர்த்தி, தூரம் இரண்டையும் இறக்கினால் காட்டுப் பகுதியில் நல்ல வித்தியாசம். புல் இல்லாவிட்டால் கீழே விழுந்த சாமானும் பதுங்கியிருக்கும் ஆளும் தெரியும் என்பது கூடுதல் இலாபம், அதனால்தான் சண்டை சேர்வர்களில் ஒருவரும் புல் வைத்திருப்பதில்லை. டிஸ்டன்ஸ் ஃபீல்ட் என்று தொடங்கும் இரண்டு தெரிவையும் யோசிக்காமல் நிறுத்துங்கள். மோஷன் ப்ளர், ஃபில்ம் கிரெய்ன், லைட் ஷாஃப்ட்ஸ் ஆகியவற்றை நிறுத்தினால் பெரிதாக ஏறாது, படம் துப்புரவாகும்.

கடைசி ஆயுதம் ரெசலூஷன் ஸ்கேல். 1080 திரையில் இதை 75 சதவீதத்துக்கு இறக்கினால் கார்ட் வரையும் புள்ளிகள் 56 சதவீதமாகக் குறையும். மெனு எழுத்துகள் கூர்மையாகவே இருக்கும், உலகம் மட்டும் சற்று மங்கும். 70க்குக் கீழே போனால் தூரத்தில் நிற்பது அப்பாவி டோடோவா கடிக்கும் ராப்டரா என்று தெரியாது. அந்தப் பிழைக்கு இந்த கேமில் விலை பெரிது.

வ்யூ டிஸ்டன்ஸை மீடியத்துக்குக் கீழே இறக்காமல் மற்றவற்றில் சமாளியுங்கள். பறந்து திரியும் ஆளுக்கு எஃப்பிஎஸ்ஸைவிடத் தூரம் தெரிவது முக்கியம்.

ஸ்டீமின் லோஞ்ச் தெரிவுகளில் ஒரு சிறு கோடு (-) போட்டு 'நோமேன்ஸ்கை' (nomansky) என்று இடைவெளி இல்லாமல் சேர்த்து எழுதினால் வானத்தின் விவரம் முழுதாகப் போகும். 'எஸ்எம்4' (sm4), 'டி3டி10' (d3d10) என்ற இரண்டும் ஒளி, நிழல் வேலைகளைப் பழைய முறைக்கு இறக்கும். பழைய கார்ட்டுக்கு இவை கைகொடுக்கும், ஆனால் சில இடங்களில் நிறம் கோணலாக வரும். 4 ஜிபி கார்ட் வைத்திருப்பவர் இவற்றைத் தொடத் தேவையில்லை.

டிரைவரைப் பற்றி ஒரு வார்த்தை. ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளுக்கு 2025 ஒக்டோபரோடு புதிய கேம் ரெடி டிரைவர்கள் நின்றுவிட்டன, இனிப் பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான். 1650க்கு இன்னும் வருகிறது. எப்படியானாலும் ஆர்க் 2017இல் முழுதாக வெளியான கேம். புது டிரைவர் வந்தால் எஃப்பிஎஸ் ஏறும் என்று ஒவ்வொரு மாதமும் டேற்றாவைக் கரைக்க வேண்டாம்.

"கார்ட் 50, 60 சதவீதம்தான், ஆனாலும் 25 எஃப்பிஎஸ்"

இது ஆட்களைக் குழப்பும் வருத்தம். கார்ட் தயார், ஆனால் அதற்கு வேலை கொடுப்பவன் தாமதம்.

முதல் சந்தேகம் ஒற்றை ராம். பாவித்த பிசி விற்பவர்கள் 8 ஜிபி என்றால் ஒரே ஒரு துண்டாகத்தான் போட்டுத் தருவார்கள். ராம் அளவு சரி, அது வரும் பாதை ஒன்று. இரணைமடுக் குளம் நிறையத் தண்ணீர் நின்றாலும் ஒரு கதவை மட்டும் திறந்தால் வாய்க்காலில் வருவது அவ்வளவுதான். டிடிஆர்4 2400 வகை ராமின் ஒற்றைத் துண்டு விநாடிக்கு 19.2 ஜிபி கொடுக்கும், சமமான இரண்டு துண்டுகள் சரியான இடத்தில் நின்றால் 38.4. தனிக் கார்ட் உள்ள பிசியில் சராசரி எஃப்பிஎஸ் கொஞ்சம்தான் ஏறும். ஆனால் அடிக்கடி விழும் குழிகள் நிரம்பும். கார்ட்டே இல்லாமல் சிபியூவின் உள்ளே இருக்கும் கிராபிக்ஸில் விளையாடுபவருக்கோ இதைவிடப் பெரிய மருந்து கிடையாது. நான்கு இடமுள்ள மதர்போர்ட்டில் பெரும்பாலும் ஒரே நிறமுள்ள இரண்டு இடங்களில் போட வேண்டும். போட்டபின் சிபியூ-இசட்டில் மெமரிப் பக்கத்தில் சனல் டூயல் என்று காட்டுகிறதா பாருங்கள்.

என்னைக் கேட்டால் 8 ஜிபியில் நிற்கும் பிசிக்கு முதல் செலவு இன்னொரு 8 ஜிபி, இரண்டாவது செலவு ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான எஸ்எஸ்டி, அதன் பிறகுதான் புதுக் கார்ட். பெடியள் எப்போதும் தலைகீழாகத்தான் வாங்குவார்கள்.

இரண்டாவது சந்தேகம் உங்கள் பேஸ். சுவர், கூரை, பெட்டி, விளக்கு என்று ஆயிரக்கணக்கான துண்டுகளும், முற்றத்தில் டேம் பண்ணிய, அதாவது பிடித்துப் பழக்கிய, மிருகக் கூட்டமும் நின்றால் சிபியூ ஒவ்வொன்றையும் கணக்குப் பார்க்க வேண்டும். பேஸிலிருந்து விலகி வெறும் கடற்கரைக்குப் போனதும் எஃப்பிஎஸ் ஏறினால் பழி பேஸின் மேல்தான். மிருகத்தை உறையவைத்து அடைக்கும் கிரையோபொட் கிடைத்திருந்தால் தேவையில்லாத மிருகங்களை அதில் அடையுங்கள். அது வரைக்கும் முட்டைக்காக வைத்த டோடோக் கூட்டத்தைக் கறியாக்குவதே நல்லது.

மூன்றாவது, சிங்கிள் பிளேயர். தனியே விளையாடினால் சேர்வர் வேலையையும், அதாவது கேமின் உலகத்தை நடத்தும் வேலையையும், உங்கள் சிபியூதான் செய்கிறது. ஒரு வீட்டில் நாலு பேர் சேர்ந்து லானில் விளையாடும்போது ஹோஸ்ட் பண்ணுபவரின் பிசி இன்னும் சாகும். ஆகவே ஹோஸ்ட் வேலையை நல்ல கார்ட் உள்ளவரிடம் கொடுக்காமல் நல்ல சிபியூ உள்ளவரிடம் கொடுங்கள்.

விண்டோஸின் பவர் பிளானை ஹை பெர்ஃபோமன்ஸில் வைப்பது இங்கேதான் உதவும். அதிசயம் ஒன்றும் நடக்காது.

"சராசரி நல்லது, ஆனால் ஓடும்போதும் பறக்கும்போதும் உறையுது"

நின்ற இடத்தில் 45, பறக்கத் தொடங்கினால் அரை விநாடி உறைவு, பிறகு திரும்ப 45. உறையும் நேரம் பிசியின் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிகிறதா? அப்படியானால் ஹார்ட் டிஸ்க்தான் மறிக்கிறது. நீங்கள் போகப் போக உலகத்தைத் துண்டு துண்டாக ஏற்ற வேண்டிய கேம் இது. சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைத் தேடி எடுப்பதில் ஹார்ட் டிஸ்க் படுமோசம். ஒரு சாதாரண சாட்டா எஸ்எஸ்டி போதும், விலை கூடிய என்விஎம்இ தேவையில்லை. பழைய அலுவலகப் பிசிக்கள் பலவற்றில் அதற்கு இடமும் இருக்காது.

எஸ்எஸ்டி சிறியது, கேம் பெரியது என்று பயந்தால் இரண்டு வழி. ஸ்டீமில் ஆர்க்கின் டிஎல்சி, அதாவது கூடுதல் பகுதிகளின், பட்டியலைத் திறந்து, விளையாடாத வரைபடங்களின் தெரிவை எடுத்துவிடுங்கள். த ஐலண்ட் மட்டும் விளையாடுபவரின் டிஸ்க்கில் மற்ற வரைபடங்கள் எதற்கு? அடுத்தது கம்பாக்ட்ஜியூஐ என்ற இலவச மென்பொருள். விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் சுருக்கும் வசதியைத்தான் அது பாவிக்கிறது, கேம் வழமைபோல ஓடும். ஆர்க்கின் கோப்புகள் இதற்கு மிக நன்றாகச் சுருங்கும், பல பத்து ஜிபி மிஞ்சும்.

டேற்றாப் பக்கேஜில் இவ்வளவு பெரிய கேமை இறக்குவது கொடுமை என்பது தெரிந்ததே. ஏற்கெனவே வைத்திருக்கும் நண்பரின் ஸ்டீமில் பேக்கப் எடுத்து வெளி டிஸ்க்கில் கொண்டுவந்து உங்கள் ஸ்டீமில் மீளப் போடலாம். உங்கள் கணக்கில் கேம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். போட்டபின் வெரிஃபை கொடுத்தால் குறைந்த கோப்புகளை மட்டும் இறக்கும். பாதி கெட்ட கோப்போடு ஓடும் கேமும் இப்படி உறையும்.

டிஸ்க் விளக்கு எரியாமல் உறைந்தால் கார்ட் மெமரியைப் பாருங்கள். 2 ஜிபி கார்ட்டில் டெக்ஸ்சர்ஸை ஹையில் வைத்தால் மெமரி நிரம்பி, மிச்சம் சாதாரண ராமுக்கு வழியும். அங்கிருந்து இழுத்து வரும் ஒவ்வொரு முறையும் உறைவு. 2 ஜிபிக்கு லோ, 4 ஜிபிக்கு மீடியம். மாற்றியபின் கேமை மூடித் திறவுங்கள். 8 ஜிபி ராம் உள்ளவர் குரோமைத் திறந்து வைத்துக்கொண்டு விளையாடுவதும் இதே கதை. ஸ்டீம் கேமைத் தொடங்கும்போது காட்டும் பட்டியலில் 'எக்ஸ்ட்ரீம்லி லோ மெமரி' என்று ஒரு தெரிவு உண்டு. படம் அசிங்கம், ஆனால் ஓடும். ராம் போதாதபோது டிஸ்க்கில் இடம் எடுக்கும் பேஜ் ஃபைலை நிறுத்தினால் வேகம் வரும் என்று எங்கோ வாசித்து நிறுத்தி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து திரும்பப் போடுங்கள். ஆர்க் சொல்லாமல் மூடிக்கொள்வதற்கு அதுவே போதும்.

கடிகாரம் வைத்ததுபோல் ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் ஒருமுறை உறைந்தால் அது பழுதே இல்லை. சிங்கிள் பிளேயரில் கேம் தானாகச் சேமிக்கும் நேரம் அது. உலகம் பெருக்கப் பெருக்க நீளும், எஸ்எஸ்டியில் குறையும்.

"8, 10க்கு மேலே போனதே இல்லை"

மொனிட்டர் கேபிளை எங்கே செருகியிருக்கிறீர்கள்? சிரிக்க வேண்டாம். மதர்போர்ட்டின் துளையில் செருகினால் கார்ட் ஒரு பக்கம் சும்மா இருக்கும், படம் சிபியூவின் சின்னக் கிராபிக்ஸிலிருந்து வரும். பிசியின் பின்னால் கிடையாக நிற்கும் கார்ட்டின் துளைகளில் ஒன்றுக்கு மாற்றுங்கள்.

கேபிள் சரியென்றால் கார்ட்டின் மேல் சந்தேகப்படுங்கள். மலிவு விலையில் ஓன்லைனில் வாங்கிய "1050 டிஐ"களில், பழைய ஜிடிஎஸ் 450 வகைக் கார்ட்டின் உள் மென்பொருளான பயோஸை மாற்றிப் புதுப் பெயர் ஒட்டியவை உண்டு. விண்டோஸ் அதை நம்பிவிடும். கார்ட்டைச் சோதிக்கும் ஜிபியூ-இசட் மென்பொருள் நம்பாது, பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று போட்டுக் காட்டும். பாவித்த கார்ட் வாங்கும்போது காசு கொடுக்குமுன் இதை ஓடவிட்டுப் பார்ப்பது உங்கள் உரிமை, விற்பவர் முகம் சுளித்தாலும். ஆர்எக்ஸ் 580 வாங்குபவர்கள் அதே பக்கத்தில் ஷேடர் எண்ணையும் பாருங்கள். உண்மையான 580க்கு 2304. 2048 என்றிருந்தால் அது 570 அளவுக்கே ஓடும், விலையும் அப்படியே பேசுங்கள்.

"லப்டொப்பில் கரண்ட் போனதும் எஃப்பிஎஸ் பாதியாகுது"

பற்றரியில் லப்டொப் முழுச் சக்தி கொடுக்காது. எந்த செற்றிங்ஸும் இதை மாற்றாது. கரண்ட் இருந்தும் இப்படியென்றால் சார்ஜரைப் பாருங்கள். 130 வாட் சார்ஜர் எரிந்ததும் கடையில் கிடைத்த 65 வாட்டை வாங்கிப் போட்டால் லப்டொப் சார்ஜ் ஆகும், ஆனால் வேகத்தைக் குறைத்தே ஓடும். சில லப்டொப்கள் தங்கள் கம்பனியின் சார்ஜர் இல்லையென்று கண்டால் சிபியூவை அடிமட்டத்தில் கட்டிவிடும். இரண்டு கிராபிக்ஸ் உள்ள லப்டொப்பில், விண்டோஸின் டிஸ்பிளே செற்றிங்ஸில் கிராபிக்ஸ் என்ற பகுதிக்குப் போய், ஆர்க்கின் ஷூட்டர்கேம் கோப்பைச் சேர்த்து ஹை பெர்ஃபோமன்ஸ் என்று கொடுங்கள்.

"கேம் நடுவிலே பிசியே நின்று திரும்ப எழும்புது"

இதை எஃப்பிஎஸ் பிரச்சினை என்று கொண்டுவருவார்கள், ஆகவே எழுதுகிறேன். டெஸ்க்டொப்பில் வோல்ட்டேஜ் குறைந்தால் எஃப்பிஎஸ் குறையாது. பவர் சப்ளை ஒன்றில் சமாளிக்கும், இல்லையேல் விழும், நடுவில் ஒன்றும் கிடையாது. "பின்னேரம் லோ வோல்ட்டேஜ், அதாலதான் கேம் இழுக்குது" என்பது சரியில்லை. ஆனால் ட்ரான்ஸ்ஃபோமருக்குத் தூரத்தில், லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில், பக்கத்துத் தோட்டத்து மோட்டர் தொடங்கும் கணத்தில் பிசி விழுவது உண்மை. அதுவும் கார்ட் முழுச் சுமையில் நிற்கும்போது கெதியாக விழும்.

யூபிஎஸ் இருந்தும் விழுந்தால் அதன் பற்றரி செத்திருக்கும். மொனிட்டரை மட்டும் செருகி, சுவர் ஆளியை நிறுத்திப் பாருங்கள், தெரிந்துவிடும். 650 விஏ என்று எழுதியிருப்பதை 650 வாட் என்று எண்ண வேண்டாம், உண்மையில் பெரும்பாலும் 400 வாட்டுக்கும் கீழே. சிறிய பெட்டி அலுவலகப் பிசியின் 240 வாட் பவர் சப்ளையில் தனி வயர் கேட்கும் கார்ட்டைப் போட அடாப்டர் தேடாதீர்கள். அந்தப் பெட்டிக்கு 75 வாட்டுக்குள் அடங்கும் 1050 டிஐ, 1650 வகைகள்தான், அதுவும் தனி வயர் கேட்காததாகப் பார்த்து.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுக்க இருண்டதே, அன்றைக்கு எத்தனை பேரின் டேம்கள் போயின என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. சேமிக்கும் கணத்தில் கரண்ட் போனால் சேவ் கோப்பு கெடும். கேமின் கோப்புறைக்குள் சேவ்ட் என்பதைத் திறந்தால் சேவ்ட்ஆர்க்ஸ்லோக்கல் என்று ஒன்று இருக்கும். கிழமைக்கு ஒருமுறை அதைப் பிரதியெடுத்து வேறொரு டிஸ்க்கில் வையுங்கள். மாரி தொடங்கி இடி மின்னல் கேட்டால் பிளக்கைக் கழற்றுங்கள், ரவுட்டரின் வயரையும் சேர்த்து.

"எஃப்பிஎஸ் 60 காட்டுது, ஆனால் ஆள் பின்னுக்கு இழுபடுறான்"

அது எஃப்பிஎஸ் இல்லை, இணைப்பு. ஓடிப்போன தூரம் திரும்ப வருவது, வெட்டிய மரம் பிறகு விழுவது, கதவு தாமதமாகத் திறப்பது எல்லாம் சேர்வருக்கும் உங்களுக்கும் இடையிலுள்ள கதை. செற்றிங்ஸ் எதைக் குறைத்தாலும் மாறாது. சேர்வர் பட்டியலில் பிங் (தகவல் சேர்வருக்குப் போய்வரும் நேரம்) குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். சிங்கப்பூர், இந்தியா என்று பெயரிட்டவற்றில் தொடங்கலாம். வைஃபையை விட்டு வயரில் செருகிப் பாருங்கள். பிங் எண் நல்லதாக இருந்தும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் இழுபட்டால் சேர்வரே திணறுகிறது, வேறு சேர்வருக்குப் போவதுதான் வழி.

அசெண்டட் பற்றிக் கேட்பவர்களுக்கு

2023 ஒக்டோபரில் வந்த புதிய பதிப்பான ஆர்க்: சர்வைவல் அசெண்டட் அன்ரியல் என்ஜின் 5இல் கட்டியது. அது குறைந்தபட்சமாகவே ஜிடிஎக்ஸ் 1080உம் 16 ஜிபி ராமும் கேட்கிறது. கேமுக்குள் கட்டளை எழுதும் கன்சோலில் மேகத்தையும் மூடுபனியையும் நிறுத்தினால் கணிசமாக ஏறும் என்பது உண்மை, ஆனால் அது ஆர்டிஎக்ஸ் 3060 போன்ற கார்ட்டுக்குச் சொல்லும் மருந்து. 1650இல் அதை ஓட்டப் பார்ப்பவர் அந்தக் காசுக்கு ராமும் எஸ்எஸ்டியும் வாங்கிப் பழைய ஆர்க்கையே விளையாடலாம்.